ஆற்றை எதிர்த்து ஏறிய நகரம்
பொருநைக் கரை ஊர்கள் – 14

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, கிழக்கே இறங்கி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. தண்ணீர் போகும் திசை அது. இந்தப் பள்ளத்தாக்கில் நகரங்கள் போன திசை நேர் எதிர். சங்க காலத்து நகரம் முகத்துவாரத்தில் இருந்தது. இடைக்காலத்து ஊர்கள் நடு ஆற்றில், வயல்களுக்கு மத்தியில் எழுந்தன. கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில் ஆற்றைக் கடக்கும் துறையை ஒட்டி ஒரு நகரம் பெருத்தது. அதற்குப் பின் அருவியின் காலடியில் ஓர் ஆலை நகரம் வந்தது. கடைசியாக, 1929-க்குப் பிறகு, ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மேகத்துக்குள்ளேயே ஓர் ஊர் உண்டானது. அதுதான் மாஞ்சோலை.

சென்ற பகுதியில் ஆதிச்சநல்லூர், சிவகளைத் தாழிகளைப் பார்த்தோம். சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்லுமி பொ.ஆ.மு. 1155-ஐச் சேர்ந்தது என்ற ஆய்வு முடிவோடு நிறுத்தினோம். இறந்தவர்களின் இடத்தை விட்டு, இனி வாழ்ந்தவர்களின் ஊர்களுக்கு வருகிறோம். கீழிருந்து மேலே ஏறப் போகிறோம். வழியில் வரும் ஒவ்வோர் ஊரிடமும் கேட்கப் போவது இரண்டே கேள்விகள். ஆற்றிடம் இந்த ஊருக்கு என்ன தேவைப்பட்டது? ஊர் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

முகத்துவாரம்

கொற்கைக்கு ஆற்றின் வாய் தேவைப்பட்டது. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் மரக்கலங்கள் ஒதுங்கலாம், குடிக்க நன்னீர் கிடைக்கும், எதிரே மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் பார்கள் இருக்கின்றன. பாண்டியரின் முத்து இங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது. பொது ஆண்டின் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு இந்த ஊரைக் கொல்கி என்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி கொல்கோய் என்று எழுதிவைத்தார். 1968–69-இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது சங்குத் துண்டுகளும், வளையல் அறுத்த கழிவுகளும், கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும் வந்தன. அங்கே எடுத்த கரி ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 785-ஐ ஒட்டி வந்தது. கிரேக்கக் கப்பல்காரர்கள் எட்டிப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் யாருடையது என்ற கேள்விக்கு அதே பெரிப்ளூஸ் சங்கடமான ஒரு பதிலைத் தருகிறது. முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது அது. ரோமச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போன செல்வத்தைக் கடலடியிலிருந்து எடுத்துத் தந்தவனுக்கு, அவன் உடம்பே சொந்தமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். மேலே ஏற ஏற இதே சங்கதி வேறு வேறு உருவத்தில் வரும்.

கொற்கையை வளர்த்த ஆறே அதை முடித்தும் வைத்தது. ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை நீண்டது, கடல் விலகியது. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணில் படாது. ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். துறைமுகம் இருந்த ஊரைச் சுற்றி வாழையும் நெல்லும் நிற்கின்றன.

கொற்கை விட்ட வேலையைக் கடலுக்கு இன்னும் அருகில் இருந்த காயல் எடுத்துக்கொண்டது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் குதிரைகளோடு இங்கே வருவதை எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டியனுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஓர் அரபு வணிகக் குடும்பம் ஒப்பந்தம் போட்டிருந்ததைக் குறிக்கிறார். பழைய காயலின் மணல்மேடுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடந்ததைப் பின்னாளில் கால்டுவெல் பொறுக்கி எடுத்துப் பதிவு செய்தார்.

காயலும் தூர்ந்தது. கடலோடிகள் புன்னைக்காயலுக்கு நகர்ந்தார்கள். 1530-களில் இந்தக் கரையின் மீனவர்களான பரதவர் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்தில் சேர்ந்து போர்த்துகீசியரின் பாதுகாப்பைப் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் நடந்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கஸ் அடிகள் புன்னைக்காயலில் இருந்துகொண்டு தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் கையால் வந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலில் அச்சேறிய தமிழுக்கு இந்த மீனவ ஊரோடு அப்படி ஓர் உறவு உண்டு.

வண்டலோடு மல்லுக்கட்டி ஓய்ந்தபின் கடல் வணிகம் ஆற்று வாயையே விட்டுவிட்டு வடக்கே தூத்துக்குடிக்குப் போனது. அந்தக் கதை தனி. ஆற்றோடு இருப்பவர்கள் நாம், மேலே போவோம்.

நடு ஆறு

நெல்லுக்கு வேறு தேவை. தண்ணீரை மறித்து இரு பக்கமும் திருப்பிவிடத் தோதான சரிவு வேண்டும், அது பாய அகலமான நிலம் வேண்டும். பாபநாசத்துக்குக் கீழே ஆறு சமவெளியைத் தொட்டதும் இரண்டும் கிடைக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு அணைக்கட்டுகள் பாண்டியர் காலம் தொடங்கி நாயக்கர் காலம் வரை படிப்படியாக எழுந்தன. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 1870-களில் பிரிட்டிஷார் கட்டியது. அணையில் திரும்பிய நீர் கால்வாயில் போகும். கால்வாய் குளங்களை நிரப்பும். குளத்து மடை வழியாக வயலுக்கு வரும். கார், பிசானம் என்று இரண்டு போகம். இன்றும் எட்டு அணைக்கட்டுகளின் கீழ் 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது.

தன் சோற்றைத் தானே விளைவிக்காத ஆட்கள் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தால்தான் அது நகரம். வேதம் ஓதுகிறவர், கல் செதுக்குகிறவர், நெய்கிறவர், ஆடுகிறவர், கணக்கெழுதுகிறவர் எல்லாருக்கும் அளக்க உபரி நெல் வேண்டும். அதைப் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி கொடுத்தது. கோயில்தான் அதை வாங்கி, சேர்த்து, பிரித்துக் கொடுத்த இடம். அம்பாசமுத்திரத்தில் இதற்கு ஒரு கணக்கே கிடைத்திருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன், அப்போது இளங்கோய்க்குடி என்று பெயர் பெற்றிருந்த இந்த ஊரின் கோயிலுக்கு 290 காசு முதலாக வைத்தான். காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல் வட்டியாக வர, அதைக் கொண்டு வழிபாடு நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. காசை வாங்கிக்கொண்டு நெல்லாகத் திருப்பித் தரும் பொறுப்பு ஊர்ச் சபையாருடையது. இன்றைய வங்கி வைப்புத்தொகைக்கு உள்ள எல்லா உறுப்பும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது.

சபையில் யார் உட்காரலாம்? அதற்கும் கல்லில் பதில் உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர்க் கோயிலில், மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய விதிகள் இருக்கின்றன. குடவோலைக்குப் பேர்போன உத்திரமேரூர்க் கல்வெட்டைவிட நூறாண்டுக்கும் மேல் பழையது இது. ஊரில் பங்கு உடையவர்களின் மக்களில், வேதப் பகுதியும் ஒரு தர்ம நூலும் கற்று நல்லொழுக்கத்தோடு இருப்பவரே தம் பங்குக்காகச் சபையில் அமரலாம் என்கிறது. கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் “இல்லை, இல்லை” என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கும் அவருக்குத் துணைபோனவருக்கும் ஐந்து காசு தண்டம். சட்டமன்ற அமளிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு அந்த ஐந்து காசு சட்டென்று பிடித்துப்போகும்.

ஆனால் விதியின் முதல் சொல்லையும் கவனிக்க வேண்டும். பங்கு இருந்தால்தான் பேச்சு. நாற்று நட்டவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் பங்கு இல்லை, ஆகவே சபையும் இல்லை. அவர்கள் குடியிருப்பு ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில் இருந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த தூரம், பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த பிரமதேய ஊர்களின் கல்வெட்டுகள் போட்ட கோடுதான். சோழர்கள் பாண்டி நாட்டைப் பிடித்து, சேரன்மகாதேவிக்கு நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் மாற்றியபோதும் அந்தக் கோடு நகரவில்லை.

இந்த நெல் நாட்டின் தலைநகராகத் திருநெல்வேலி மெல்ல மெல்லத் திரண்டது. சம்பந்தர் பாடிய தலம் அது. அந்தக் காலத்திலேயே கோயிலும் ஊரும் இருந்தன. பிற்காலப் பாண்டியரும் நாயக்கரும் அதைப் பெரிதாக்கினார்கள். நெல்லையப்பருக்கும் காந்திமதிக்கும் தனித்தனியாக இருந்த கோயில்களை 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் இணைத்தது. மதுரை நாயக்கரின் பிரதிநிதியாக இந்தச் சீமையை நிர்வகித்தவர் அவர். கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள், அதற்கு வெளியே தொழில் தொழிலாகத் தெருக்கள், ஊரைச் சுற்றி நெல்லைக் கால்வாயின் வயல்கள். தேர் திரும்ப எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு அகலம் வீதிக்கு. ஆற்றங்கரை கொஞ்சம் தள்ளியே இருந்தது. கால்வாய் வீட்டு வாசலுக்கே தண்ணீரைக் கொண்டுவரும்போது ஆற்றோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இந்த நகரத்துக்கு இல்லை.

துறை

பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலிக்க வந்த கும்பினிக்கு நெல்லும் கோயிலும் இரண்டாம் பட்சம். பட்டாளம் தங்க ஒரு கோட்டை, தாக்கீது போக ஒரு சாலை, ஆற்றைக் கடக்க ஒரு துறை. இந்த மூன்றுமே அதற்குப் போதும். மூன்றும் திருநெல்வேலிக்கு எதிர்க்கரையில் பாளையங்கோட்டையில் இருந்தன. 1790-இல் திருநெல்வேலி மாவட்டத்தைக் கும்பினி உருவாக்கியது. மாவட்டத்துக்குப் பெயர் மேற்குக் கரையுடையது, அதிகாரம் உட்கார்ந்தது கிழக்குக் கரையில்.

அந்த அதிகாரம் முதலில் செய்த வேலைகளில் ஒன்று ஊர்களை அழிப்பது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பிப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் திரும்ப எழுப்பினார். மே மாதம் அது விழுந்தது. கும்பினி கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது, ஊர்ப் பெயரைக்கூட ஆவணங்களிலிருந்து எடுத்தது. மற்றப் பாளையக்காரர்களின் கோட்டைகளும் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பிடுங்கப்பட்டன.

பணிந்தவர்களுக்கு ஒரு காகிதம் கிடைத்தது. 1803-இல் நிரந்தர நிலவரித் திட்டப்படி பாளையங்கள் ஜமீன்கள் ஆயின. பாளையக்காரருக்குக் காவல் கடமை இருந்தது, படை இருந்தது, காட்டின்மீது வழக்கமாக வந்த பாத்தியதை இருந்தது. ஜமீன்தாருக்கு மிஞ்சியது கட்ட வேண்டிய பேஷ்குஷ் தொகையும், எல்லை குறித்த சொத்தும். சொத்து என்றாகிவிட்டால் அதை அடகு வைக்கலாம், விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். மேற்கே மலையடிவாரத்தில் இருந்த சிங்கம்பட்டியும் அப்படி ஜமீன் ஆன ஒரு பாளையம். இந்தச் சிறு மாற்றம் 126 ஆண்டுகள் கழித்து என்ன செய்யப் போகிறது என்பதை மேலே ஏறியதும் பார்ப்போம்.

நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆறு கிடந்தது. வெள்ளக் காலத்தில் படகுத் துறையில் கூட்டம் நெரியும். கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-இல் பாலம் கட்டி முடித்தார். வடிவமைத்தவர் கேப்டன் ஹார்ஸ்லி. 760 அடி நீளம், 11 வளைவுகள். பாலம் வந்ததும் இரு கரையும் ஒரே நகரமாக நடக்கத் தொடங்கின. ஆனால் சட்டப்படி ஒன்றாகப் பல காலம் பிடித்தது. 1866-இல் திருநெல்வேலிக்கு ஒன்று, பாளையங்கோட்டைக்கு ஒன்று என இரண்டு நகராட்சிகள் ஏற்பட்டன. மேலப்பாளையத்தையும் தச்சநல்லூரையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆனது 1994-இல்தான். இன்றும் உள்ளூர்க்காரர் “திருநெல்வேலிக்குப் போகிறேன்” என்று சொல்வதில்லை. டவுனுக்கு, ஜங்ஷனுக்கு, பாளைக்கு என்றுதான் சொல்வார். கோயில் நகரம், ரயில் நகரம், கோட்டை நகரம் என்று மூன்று காலங்கள் அவர் வாயில் தனித்தனியாகவே இருக்கின்றன.

பாளையங்கோட்டை நகரத்துக்குப் புதிதாக ஒரு பிரிவினரைக் கொண்டுவந்தது. 1785-இல் குளோரிந்தா கட்டிய சிறு ஆலயம், 1820-இல் வந்து இறங்கிய இரேனியஸ் ஐயரின் பள்ளிகள், பிறகு தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர் கல்லூரிகள் என்று படிப்பு அங்கே வேர்விட்டது. மானூர்ச் சபை வாசலில் நிற்கவும் முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். கோட்டை மதில் தேவையற்றுப்போய் இடிந்தபின் நகரம் நின்றது பள்ளிக்கூடங்களின் பலத்தில்.

அதே நகரம் ஆட்சியை எதிர்க்கவும் கற்றது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். எரிந்த கட்டடங்களைப் பார்த்தாலே தெரியும், மக்கள் எதை அந்நிய நகரமாக நினைத்தார்கள் என்று. கோயில் பக்கமோ கடைத்தெருப் பக்கமோ அந்தத் தீ திரும்பவில்லை.

அருவி

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வரவில்லை. கரிசல் காட்டுத் திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறியது. அந்தப் பருத்தியைக் கப்பலுக்குக் கொண்டுபோக 1876-இல் தூத்துக்குடி வரை ரயில் வந்தது. பிறகு ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள், பருத்தியை இங்கேயே நூலாக்கினால் என்ன என்று கணக்குப் போட்டார்கள். ஆலையை ஓட்ட நிலக்கரி வேண்டும், அது தொலைவிலிருந்து வர வேண்டும். பாபநாசத்திலோ ஆறு மலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. 1880-களின் நடுவில் அருவி நீரின் விசையில் திருநெல்வேலி மில்ஸ் சுழலத் தொடங்கியது.

பாவம் தீர முழுக்குப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விக்கிரமசிங்கபுரம் ஆலை நகரமாக வளர்ந்தது. பொழுது விடிவதை மில் சங்கு சொன்னது. காரும் பிசானமும் மாறி வார, மாதக் கூலிக் கணக்கு வந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போனார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்கள் சுற்று ஊர்களில் தங்கள் வீட்டில் இருந்து வந்து போனவர்கள். ஆலை கைவிட்டால் வயலோ கடையோ திரும்பிப் போக இடம் இருந்தது. சங்கம் கட்ட முடிந்தது, வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. பட்டா வைத்திருந்தவன் முதலாளிக்கு முன் நிற்கும் தைரியமே வேறு.

மேகம்

இனி மலை. மணிமுத்தாறு தாமிரபரணியின் கிளை. அதன் பிறப்பிடத்துக் காடுகள் சிங்கம்பட்டி ஜமீனுக்குரியவை. சென்னையில் படித்த ஜமீன் வாரிசு ஒருவர் ஒரு கொலை வழக்கில் சிக்கியதும், அதைச் சமாளிக்க ஏற்பட்ட கடனும்தான் மலை கைமாறக் காரணம் என்று வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், 1929-இல் 8,374 ஏக்கர் காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 1803-இல் காட்டைச் சொத்தாக்கிய காகிதம் இல்லாமல் இந்தக் காகிதம் பிறந்திருக்காது.

எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863-இல் பம்பாயில் தொடங்கிய இந்தக் கம்பெனியின் பெயர் பர்மிய வரலாற்றில் மறக்க முடியாதது. தேக்கு வெட்டிய கணக்கில் மன்னர் தீபாவின் அரசு விதித்த அபராதத்தைச் சாக்காக வைத்துத்தான் 1885-இல் பிரிட்டன் மூன்றாம் பர்மியப் போரைத் தொடங்கி, மாண்டலே அரண்மனையிலிருந்து மன்னரை நாடுகடத்தியது. ஒரு ராஜ்யம் கவிழக் காரணமாக இருந்த கம்பெனிக்குக் கடன்பட்ட ஒரு ஜமீனின் மலை பெரிய விஷயமில்லை.

தேயிலைக்குத் தேவைப்பட்டது மழை. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, இரண்டு பருவமழையும் வந்து முட்டும் சரிவு இது. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் வரும் இடங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அடுத்தடுத்துத் தோட்டங்கள் பரவின. காடு வெட்ட, பாதை போட, செடி வைக்க, கொழுந்து எடுக்க ஆட்கள் வேண்டும். நெல்லைச் சீமையின் கிராமங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தாழ்த்தப்பட்டோர், கீழே நிலம் இல்லாதவர்கள். பிரமதேயச் சபையில் இடம் கிடைக்காதவர்களின் வழிவந்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

மலையில் ஏறியவர்கள் கட்டி எழுப்பியது ஒரு நகரத்தின் எல்லா உறுப்பும் உள்ள ஊர். தொழிற்சாலை இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, பள்ளிக்கூடம், அஞ்சலகம், கடை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் இருந்தன. காலையில் பேர் கொடுத்து, மலைச்சரிவில் வரிசை பிடித்து, சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுத் திரும்புகிற ஒழுங்கு இருந்தது. கீழிருந்து வரும் பேருந்து அவர்களுக்கு ரேஷனும் செய்தியும் கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்தது. மேலே துரை பங்களா, அதற்குக் கீழே உத்தியோகஸ்தர் குடியிருப்பு, அதற்கும் கீழே வரிசையாக லைன் வீடுகள். பாளையங்கோட்டையில் தளபதியின் வீடும் சிப்பாயின் குடிசையும் இருந்த அடுக்கு இங்கே மலைச்சரிவிலேயே தெரிந்தது.

இல்லாதது ஒன்றுதான். யாருக்கும் ஒரு அடி மண் சொந்தமில்லை. லைன் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். தாத்தா நட்ட பலாமரம் நிற்கும், பேரனுக்குப் பட்டா இருக்காது. கம்பெனிக்கும் நிரந்தரம் இல்லை, அதற்குக் கையில் இருந்தது 2028 வரையிலான குத்தகை. தாமிரபரணியின் எந்த ஊரும், கொற்கைகூட, முடியும் தேதியைப் பத்திரத்தில் எழுதிக்கொண்டு பிறக்கவில்லை. மாஞ்சோலை பிறந்தது.

இடையே உடைமை மாறியது. ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி 1952-இல் சிங்கம்பட்டிக் காடு அரசுக்கு வந்தது, குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. பழைய ஜமீன் காட்டில் 23,000 ஏக்கருக்கு மேல் 2018-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஜமீன்தார், கம்பெனி, அரசு, வனத்துறை என்று மலையின் உரிமைக்காரர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். தேயிலை எடுத்தவர்கள் அந்தப் பட்டியலில் ஒருநாளும் வரவில்லை.

1999-இல் அவர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. மேகத்தில் வாழ்ந்தவர்கள் தங்கள் வழக்கைச் சொல்ல ஆற்றங்கரையின் அதிகார நகரத்துக்கு இறங்கி வந்தார்கள், அந்த நகரம் அவர்களுக்கு நிற்க இடம் தரவில்லை. அது நடந்த இடம் கும்பினி தன் கச்சேரிக்குத் தேர்ந்தெடுத்த அதே கரை.

2024 ஜூனில் கம்பெனி தொழிற்சாலைகளை மூடியது. குத்தகை முடிய நான்காண்டு இருக்கும்போதே தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் வாங்கப்பட்டது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கீழே மணிமுத்தாறு, ரெட்டியார்பட்டிப் பகுதிகளில் அடுக்கு வீடுகள் தருவதாக அரசு முன்வந்தது. தேயிலைச் சரிவு திரும்பக் காடாகட்டும் என்பது வனத்துறையின் திட்டம்.

கணக்கு

காட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேலே சோலைக்காடு கெட்டால் கீழே எட்டு அணைக்கட்டுக்கும் கேடு. 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் மூழ்கியபோது, முகத்துவாரமும் மலையும் ஒரே உடம்பு என்பதைப் பள்ளத்தாக்கு மறுபடி கற்றுக்கொண்டது. காடு திரும்புவது ஆற்றுக்கு நல்லது. அந்த நன்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

கீழிருந்து ஏறி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. கொற்கை தூர்ந்தபோது முத்தும் சங்கும் அறிந்தவர்கள் காயலுக்குப் போனார்கள், காயல் தூர்ந்தபோது புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் போனார்கள். ஊர் போனாலும் தொழில் கையோடு போனது. பிரமதேயச் சபைகள் மறைந்தன, பங்கு உடையவர்களின் வாரிசுகளிடம் நிலம் நின்றது. பாளையங்கோட்டையின் மதில் போனது, பள்ளிக்கூடங்கள் நின்றன. ஒவ்வொரு நகரமும் சாகும்போது தன் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்றை எழுதிவைத்தது.

மாஞ்சோலைக்காரர்களிடம் இருப்பது கொழுந்து கிள்ளும் கை. சமவெளியில் அதற்கு வேலை இல்லை. நிலம் இல்லை என்று மலையேறிய குடும்பங்கள், நான்கு தலைமுறைக்குப் பிறகு நிலம் இல்லாமலே இறங்குகின்றன. காலனிய ஆட்சி இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் போட்டது, பாலத்துக்கு அனுமதி தந்தது, நகராட்சி வைத்தது. அவற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர். அது விட்டுப்போன இன்னொரு நகர வடிவமும் இருக்கிறது: வேலை உள்ளவரை மட்டும் மனிதர்களை வைத்திருக்கும் ஊர். மதிலும் கோபுரமும் இல்லாததால் அதை நகரம் என்று நாம் எண்ணவில்லை. எண்ணியிருந்தால், அங்கே வாழ்ந்தவர்களைக் குடிமக்களாக எண்ண வேண்டி வந்திருக்கும். 1947-க்குப் பின் வந்த அரசுகளும் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை. புதிய வீடுகளின் சாவியோடு பட்டாவும் அவர்கள் பெயரில் எழுதப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அது திருந்துகிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

அடுத்த பகுதியில் ஆற்றைவிட்டு விலகி, கடலையே நம்பி வளர்ந்த துறைமுகத்துக்குப் போகிறோம். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கைமாற்றிக்கொண்ட தூத்துக்குடியில், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி எப்படிப் பிறந்தது என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)